ஏழரை வருஷமா, ஏழரை நாழிகையா? குச்சனூர் கதைக்குள்ள ஒரு பழைய வழக்கு

"ஏழரை"ன்ற வார்த்தை நம்ம பேச்சுல எவ்வளவு சாதாரணமா வருது பாருங்க. ஆபீஸ்ல யாராவது புதுப் பிரச்சினையோட வந்தா "ஏழரையைக் கூட்டாதப்பா"ன்றோம். பைக் நடுரோட்ல நின்னா "ஏழரை ஆரம்பிச்சிருச்சு"ன்றோம். ஜாதகத்துல சுத்தமா நம்பிக்கை இல்லாதவங்ககூட இந்த வார்த்தையை விடுறதில்ல.

இன்னிக்கு எபிசோட் அந்த ஏழரையைப் பத்தித்தான். ஆனா ஜோசியம் பேசப் போறதில்ல. அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு பழைய கேள்வியைப் பேசப் போறோம். ஒரு மனுஷன் படுற கஷ்டத்தை மாத்துற சக்தி கடவுளுக்கு இருக்கா? இருந்தா, ஏன் மாத்தல? இல்லன்னா, அவரை எதுக்குக் கடவுள்னு கூப்பிடணும்?

இந்தக் கேள்வியை ஏதென்ஸ்ல இருந்தோ பாரிஸ்ல இருந்தோ ஆரம்பிக்கலாம். நாம தேனி மாவட்டத்துல இருந்து ஆரம்பிப்போம்.

மேல்முறையீடு இல்லாத கோவில்

கம்பம் பள்ளத்தாக்குல, சின்னமனூர் பக்கத்துல, சுரபி நதிக்கரையில இருக்கிற ஊர் குச்சனூர். அங்க இருக்கிறது சுயம்பு சனீஸ்வரர் கோவில். சனிக்கிழமைன்னா கூட்டம். ஆடி மாசச் சனிக்கிழமைகள்னா சொல்லவே வேண்டாம், திருவிழா.

இந்தக் கோவில்ல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பொதுவா சனி பகவானை நாம எங்க பார்ப்போம்? சிவன் கோவில்ல, நவக்கிரக மேடையில, ஒன்பது பேர்ல ஒருத்தரா. ரொம்பப் பிரபலமான திருநள்ளாறுலகூட மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், அதாவது சிவன். சனிக்கு அங்க தனிச் சந்நிதி, அவ்வளவுதான். அங்க சனி ஒரு அதிகாரி மாதிரி. அவருக்கு மேல ஒருத்தர் இருக்கார். அதிகாரி மேல குறை இருந்தா, மேல போய்ச் சொல்லலாம்.

குச்சனூர்ல அந்த வசதி கிடையாது. அங்க சனிதான் மூலவர். தண்டனை எழுதினவர்கிட்டயே போய், "குறைச்சுக் கொடுங்க"ன்னு கேக்கணும். அதனாலதான் அந்த ஊர்த் தலபுராணம், மத்த பரிகாரக் கதைகளைவிடக் கொஞ்சம் சிக்கலா இருக்கு.

கதை சுருக்கமா இதுதான். தினகரன்னு ஒரு ராஜா. பிள்ளை இல்லை. ஒரு அசரீரி கேக்குது: உன் வீட்டுக்கு ஒரு பையன் வருவான், அவனை வளர்த்தா உனக்கும் பிள்ளை பிறக்கும். அப்படியே ஒரு பையன் வர்றான். அவனுக்குச் சந்திரவதனன்னு பேர் வச்சு வளர்க்கிறாங்க. அப்புறம் ராணிக்கும் ஒரு மகன் பிறக்கிறான். ஆனா ரெண்டு பேர்ல வளர்ப்பு மகன்தான் திறமைசாலி. அவனுக்கே பட்டம் கட்டுறார் ராஜா.

அப்புறம் தினகரனுக்கு ஏழரைச் சனி பிடிக்குது. துன்பம் மேல துன்பம். சந்திரவதனன் சுரபி நதிக்கரைக்குப் போய், இரும்புல சனியோட உருவம் செஞ்சு வழிபடுறான். சனி முன்னாடி வந்து நிக்கிறார். அவர் சொல்றது: போன பிறவியில செஞ்ச வினைக்கு ஏத்தபடிதான் நான் துன்பம் தர்றேன், உங்க அப்பா அனுபவிக்கிறது அவரோட கணக்கு.

இங்க சந்திரவதனன் வாதாடல. "அப்பா நல்லவர், தப்பே செய்யல"ன்னு சொல்லல. அநாதையா வந்த என்னை வளர்த்தவர் அவர், அவரோட துன்பத்தை எனக்குக் கொடுங்கன்னு கேக்கிறான். சனி ஒத்துக்கிறார். ஆனா ஏழரை வருஷம் இல்ல, ஏழரை நாழிகை மட்டும் அவனைப் பிடிக்கிறார். பிறகு, இங்க வந்து வேண்டுறவங்களோட துன்பம் குறையும்னு சொல்லிட்டு மறையுறார். அந்த இடத்துல சுயம்பு தோணுது. சந்திரவதனன் அதுக்குக் குச்சுப்புல்லால ஒரு சின்னக் கூரை போடுறான். குச்சனூர்னு பேர் வந்தது அதனாலதான்னு ஊர்ல சொல்றாங்க.

மூணு முடிச்சு

இப்ப கொஞ்சம் கணக்கு போடலாம். ஒரு நாழிகைன்னா 24 நிமிஷம். ஏழரை நாழிகைன்னா சரியா 3 மணி நேரம். ஏழரை வருஷம்னா ஏறத்தாழ 65,700 மணி நேரம். அதாவது தண்டனை கிட்டத்தட்ட 21,900-ல ஒரு பங்கா குறைஞ்சிருச்சு.

ஏழரை எங்க இருந்து வந்துச்சுன்னும் பார்த்துடலாம். சனிக்கோள் சூரியனை ஒரு தடவை சுத்த ஏறத்தாழ 29 அரை வருஷம் ஆகும். 12 ராசிக்குப் பிரிச்சா, ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம். ஒருத்தரோட ராசிக்கு முந்தினது, அந்த ராசி, அடுத்தது, இந்த மூணும் சேர்ந்தா ஏழரை. வடமொழியில சனைச்சரன்னா மெல்ல நடப்பவன். அந்தப் பேர்தான் நம்ம வாயில சனீச்சரனாகி, சனீஸ்வரனாச்சு. மெதுவா நகர்ற ஒரு கோள், பேர் மாறின வேகத்துல "ஈஸ்வரன்" ஆயிடுச்சு.

பேர்லயே பிரச்சினை தெரியுது பாருங்க. கோள்னா அது கடிகாரம் மாதிரி. கெஞ்சினாலும் நிக்காது. ஈஸ்வரன்னா கெஞ்சினா கேக்கணும். குச்சனூர் சாமி ரெண்டுமா இருக்கார். அங்கதான் மூணு முடிச்சு விழுது.

முதல் முடிச்சு: வினைக்கணக்கு துல்லியமானதுன்னா, குறைஞ்ச பாக்கி எங்க போச்சு? 21,900 பங்குல ஒரு பங்குதான் தீர்ந்திருக்கு. மீதியை யார் தள்ளுபடி பண்ணது?

ரெண்டாவது முடிச்சு: தப்பு செய்யாத மகன் மூணு மணி நேரம் துன்பப்பட்டது எப்படி நியாயம் ஆகும்?

மூணாவது முடிச்சு: கேட்டா குறைக்க முடியும்னா, கேக்குற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

மேற்கத்திய தத்துவம் படிச்சவங்களுக்கு இது வேற வடிவத்துல பழக்கமா இருக்கும். கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் சொன்னதா வழிவழியா வர்ற ஒரு வாதம் இருக்கு. தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு விருப்பம் இருந்து சக்தி இல்லையா? சக்தி இருந்து விருப்பம் இல்லையா? ரெண்டும் இருந்தா தீமை எங்கிருந்து வந்தது? டேவிட் ஹியூம் 1779-ல வெளியான தன்னோட உரையாடல் நூல்ல இதைத் திரும்ப எடுத்து வச்சார். "தன்னால தூக்க முடியாத கல்லைக் கடவுளால படைக்க முடியுமா?"ன்ற புதிரும் இந்தக் குடும்பம்தான்.

ஆனா நம்ம ஊர்ல இந்த வழக்குல மூணாவதா ஒரு ஆள் இருக்கு. கடவுள், மனுஷன், நடுவுல வினை. அதனால இங்க கேள்வியே மாறிடுது: வினை பெரிசா, கடவுள் பெரிசா?

பக்கத்துப் பாறையில இருந்து ஒரு பதில்

குச்சனூர் இருக்கிறது உத்தமபாளையம் வட்டத்துல. அதே உத்தமபாளையத்துல ஒரு பாறை இருக்கு. அதுல சமணத் தீர்த்தங்கரர்களோட உருவங்களை வரிசையா செதுக்கியிருக்காங்க. சுமார் 9, 10-ஆம் நூற்றாண்டு. கூடவே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். மதுரை வட்டாரத்துல பல குன்றுகள்ல பேர் கிடைக்கிற அச்சணந்தின்ற சமணத் துறவியோட பேர் இங்கயும் இருக்கு.

சமணர்கள்கிட்ட நம்ம மூணு முடிச்சையும் கொண்டு போனா என்ன சொல்லியிருப்பாங்க? "முடிச்சைப் போட்டது நீங்கதான்"னு சொல்லியிருப்பாங்க. அவங்க பார்வையில வினைன்றது உயிர் மேல ஒட்டுற நுண்ணிய பொருள். எண்ணெய் பூசின உடம்புல தூசி ஒட்டுற மாதிரி. அதைக் கணக்கெழுத ஒரு ஆளும் வேண்டாம், தண்டனை கொடுக்க ஒரு ஆளும் வேண்டாம். நெருப்பைத் தொட்டா சுடும். சுடுறதுக்கு நெருப்பு யார்கிட்டயும் உத்தரவு வாங்குறதில்ல. உலகத்தைப் படைச்ச கடவுள்னு ஒருத்தர் அவங்க தத்துவத்துல கிடையாது. தீர்த்தங்கரர் வழிகாட்டி. அவர்கிட்ட வரம் கேக்க முடியாது.

அப்ப பாக்கி எங்க போச்சுன்ற கேள்விக்கு அங்க இடமே இல்ல. தள்ளுபடியே கிடையாதே. வினையை நல்லொழுக்கத்தாலயும் தவத்தாலயும் அவங்கவங்கதான் உதிர்க்கணும்.

இது சும்மா மலைக்குகையில முணுமுணுத்த தத்துவம் இல்ல, மேடையில பேசின தத்துவம். தமிழ்ல நீலகேசின்னு ஒரு சமணக் காப்பியம் இருக்கு. அதோட நாயகி பழையனூர்ப் பேயா இருந்து மனம் மாறினவள். ஊர் ஊரா போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதின்னு எல்லாரோடயும் வாதாடுறா. அதுக்கு முன்னாடியே மணிமேகலையில, வஞ்சி நகரத்துல மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாப் போய் "உங்க கொள்கை என்ன?"ன்னு கேக்குற ஒரு காதை இருக்கு. ரெண்டுலயும் கேள்வி கேக்குறது ஒரு பொண்ணு. கடவுள் இருக்காரான்ற கேள்வி தமிழ்ல ஒரு கதாநாயகி வாய்ல வரக்கூடிய அளவுக்கு அன்னிக்குச் சாதாரணமா இருந்திருக்கு.

வேதத்தை ஏத்துக்கிட்ட மீமாம்சகர்கள்லகூடப் படைப்புக் கடவுளை மறுத்தவங்க உண்டு. 7-ஆம் நூற்றாண்டுக் குமாரிலர் கேக்குறார்: கருணையாலதான் உலகத்தைப் படைச்சார்னா, அப்ப கருணை காட்ட அங்க யார் இருந்தாங்க? யாருமே இல்லாத இடத்துல யார் மேல இரக்கம் வந்தது? கூர்மையான கேள்வி.

கோடாலி, மழை, மருத்துவர்

எதிர்த்தரப்பு சும்மா இருக்கல. மூணு முக்கியமான பதில் வந்துச்சு. மூணும் மூணு உவமையில நிக்குது.

முதல் உவமை, கோடாலி. ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மிதிலைப் பகுதியில வாழ்ந்த நியாய மரபு அறிஞர் உதயணர். கடவுள் இருக்கார்னு நிறுவுறதுக்காகவே நியாயகுசுமாஞ்சலின்னு ஒரு நூல் எழுதினவர். அவர் பக்கத்து வாதம் இது: வினைக்கு அறிவு கிடையாது, அது சடம். கோடாலி தானா மரம் வெட்டாது, தச்சன் வேணும். இந்த வினைக்கு இந்தப் பலன்னு கோர்த்துவிட அறிவுள்ள ஒருத்தர் வேணும்.

ரெண்டாவது உவமை, மழை. ஒருத்தர் பணக்காரர், ஒருத்தர் ஏழைன்னு படைச்ச கடவுள் பாரபட்சம் உள்ளவரா, இரக்கம் இல்லாதவரா? பிரம்ம சூத்திரத்துலயே எழுப்பப்படுற கேள்வி இது. அதுக்குச் சங்கரரோட உரை சொல்ற பதில்: மழை எல்லா நிலத்துக்கும் ஒண்ணாத்தான் பெய்யுது. நெல்லு முளைக்கிறதும் வேற தானியம் முளைக்கிறதும் விதையைப் பொறுத்தது. கடவுள் மழை, வினை விதை. சரி, முதல் விதை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, அதுக்கு ஆரம்பமே இல்ல, விதையும் மரமும் மாதிரின்னு பதில்.

மூணாவது உவமை நம்ம தமிழ் மரபுக்கு நெருக்கமானது, மருத்துவர். 13-ஆம் நூற்றாண்டுல மெய்கண்டார் 12 நூற்பால சிவஞானபோதம் எழுதுறார். அவரோட மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் அதை விரிச்சு சிவஞானசித்தியார் எழுதுறார். அதுல பரபக்கம்னு ஒரு பகுதி முழுக்க மத்தவங்க கொள்கையை எடுத்து வச்சு மறுக்கிறதுக்கே. 14 தரப்பு, கடவுளே இல்லன்ற உலகாயதர்ல இருந்து ஆரம்பிக்குது. தன்னோட கொள்கையைச் சொல்ற சுபக்கத்துல துன்பத்தைப் பத்திப் பேசும்போது மருத்துவரைக் கொண்டு வர்றார். சில நோயை வைத்தியர் அறுத்துத் தீர்ப்பார், சிலதை இனிப்பான மருந்து கொடுத்துத் தீர்ப்பார். ரெண்டுமே குணமாக்கத்தான். அப்படித்தான் இறைவன் வினையைத் தீர்க்கிறார்.

இப்ப குச்சனூர் முடிச்சுகளுக்கு வருவோம். கோடாலி உவமை, கணக்குப் பார்க்க ஒரு ஆள் வேணும்னு காட்டுது. ஆனா அந்த ஆள் தள்ளுபடி செய்யலாமான்னு சொல்லல. மழை உவமை கடவுளைப் பழியில இருந்து காப்பாத்துது. ஆனா எல்லாத்தையும் விதையே முடிவு பண்ணா, மழைகிட்ட வேண்டி என்ன ஆகப் போகுது? மருத்துவர் உவமை கொஞ்சம் முன்னேறுது. குணமாச்சுன்னா மருந்தை நிறுத்தலாம். ஏழரை வருஷம் ஏழரை நாழிகையா சுருங்கலாம். ஆனா அப்பாவுக்கு நோய், மகனுக்கு அறுவை சிகிச்சைன்னா? எந்த மருத்துவரும் செய்ய மாட்டார்.

ரெண்டாவது முடிச்சு மட்டும் அவிழவே மாட்டேங்குது.

விளக்கம் எப்ப பழி ஆகுது?

இந்த இடத்துல ஒரு விஷயத்தை நேரா பேசணும். வினைன்ற விளக்கம் கடவுளைக் காப்பாத்துது. ஆனா அதுக்கு விலை கொடுக்குறது யார்? துன்பப்படுறவன். "கடவுள் மேல தப்பு இல்ல, உன் மேலதான் தப்பு, அதுவும் உனக்கு ஞாபகமே இல்லாத பிறவியில"ன்னு சொல்றது அது.

திருவள்ளுவர் இந்தச் சங்கடத்தை மறைக்கல. 380-ஆம் குறள்ல ஊழைவிட வலிமையானது எதுவும் இல்லன்றார். 620-ல, தளராம முயற்சி பண்றவன் அந்த ஊழையே தோக்கடிச்சுடுவான்றார். 1062-ல இன்னும் ஒரு படி மேல போறார். பிச்சை எடுத்துத்தான் ஒருத்தன் உயிர் வாழணும்னா, இந்த உலகத்தைப் படைச்சவனும் அலைஞ்சு கெட்டுப் போகட்டும். பசிச்சவன் முன்னாடி நின்னு "உன் வினை"ன்னு சொல்ல அவருக்கு மனசு வரல. படைச்சவனையே கூண்டுல ஏத்திட்டார்.

1925-ல பெரியார் தொடங்கின சுயமரியாதை இயக்கம் இதே நரம்பைத்தான் வேற கோணத்துல தொட்டுச்சு. தலைவிதி, கர்மான்ற விளக்கம் சாதி ஏற்றத்தாழ்வைக் காப்பாத்துற வேலையைச் செய்யுதுன்னு அது மேடைக்கு மேடை கேட்டுச்சு. இங்க கடவுள் இருக்காரா இல்லையான்றது தர்க்கப் பாடம் மட்டும் இல்ல. அந்தப் பதிலை வச்சு யார் எங்க தண்ணி எடுக்கலாம், யார் எந்தத் தெருவுல நடக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

கம்பம் பள்ளத்தாக்குக்கே இதுல ஒரு அனுபவம் உண்டு. 1876-ல இருந்து 1878 வரைக்கும் தென்னிந்தியாவைத் தாக்கின பெரும் பஞ்சத்தை நம்ம ஆளுங்க "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்வாங்க. அறுபது வருஷச் சுற்றுல தாதுன்னு ஒரு வருஷம் வந்துச்சு, அது பஞ்சத்தைக் கொண்டு வந்துச்சு. அந்த வருஷமே குற்றவாளி மாதிரி. ஆனா அந்தப் பஞ்சத்துல லட்சக்கணக்கான பேர் செத்துக்கிட்டு இருந்தப்ப, கப்பல்ல தானியம் ஏத்துமதி ஆகிட்டுத்தான் இருந்துச்சு. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும்னு சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். தாது வருஷம் போட்ட கணக்கு இல்ல அது. ஒரு அரசாங்கம் போட்ட கணக்கு.

அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான், ரொம்ப நாளா பேச்சாவே இருந்த முல்லைப் பெரியாறு திட்டம் வேகம் எடுத்துச்சு. 1887-ல வேலை ஆரம்பிச்சு, 1895 அக்டோபர் 10-ல அணையைத் திறந்தாங்க. மேற்கே அரபிக் கடலுக்குப் போன தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கிழக்கே திரும்புச்சு. இன்னிக்கும் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடிக்கு அந்தத் தண்ணிதான். இந்த ஊர்கள்ல பொறியாளர் பென்னிகுவிக் படத்தைச் சாமி படங்களோட மாட்டி வச்சிருப்பாங்க. தைப்பொங்கலுக்கு அவர் பேர்ல பொங்கல் வைப்பாங்க. அந்த அணையைக் கட்ட மலையேறிப் போய் காலராவுலயும் மலேரியாவுலயும் செத்த கூலித் தொழிலாளர்களுக்குப் படம் கிடையாது.

மழையும் விதையும் உவமையை இப்ப திரும்ப யோசிங்க. மழை எல்லாருக்கும் பொதுதான், விளைச்சல் விதையைப் பொறுத்ததுன்னார் சங்கரர். பள்ளத்தாக்கோட வரலாறு மூணாவதா ஒண்ணைச் சேர்க்குது: வாய்க்கால். அதை யாரோ வெட்டணும். வெட்டுறவங்க முதுகுல அந்தப் பாரம் ஏறும்.

அவிழாத முடிச்சுக்கு ஒரு பேர்

இப்ப சந்திரவதனன்கிட்ட திரும்பிப் போகலாம். அவனோட கோரிக்கை தர்க்கப்படி தப்பு. சமணர் கேட்டா, ஒருத்தர் வினையை இன்னொருத்தர் சுமக்க முடியாதும்பார். நியாயவாதி கேட்டா, கணக்கு குழம்பிடும்பார். கணியன் பூங்குன்றனார்கூட, புறநானூறு 192-ல, நமக்கு வர்ற நல்லதுக்கும் கெட்டதுக்கும் அடுத்தவங்க காரணம் இல்லன்றவர்தான்.

ஆனா மனுஷங்க இந்தத் தப்பைச் செஞ்சுக்கிட்டே இருந்திருக்காங்க. மதுரை சமணர்மலைக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு திருமேனியைச் செய்வித்தவர் குணமதியார்னு அது சொல்லுது. யார் அந்தக் குணமதியார்? அச்சணந்தியோட அம்மா. எல்லா உறவையும் துறந்த மகன், அவரவர் வினை அவரவருக்குன்னு சொல்ற சமயம். அந்தக் கல்லுலயும் "தாயார்"னு ஒரு உறவு நின்னுருச்சு.

குச்சனூர் கதை வினையை மறுக்கல, கடவுளையும் மறுக்கல. அது ஒரு வரிசையை மட்டும் மாத்துது. அப்பா ஏன் கஷ்டப்படுறார்னு சனி விளக்கம் சொல்றார். மகன் அந்த விளக்கத்தைக் கேட்டுக்கிறான், ஆனா அதோட நிக்கல. "இதுல என் பங்கு எவ்வளவு?"ன்னு கேக்குறான். அப்பதான் ஏழரை வருஷம் ஏழரை நாழிகையாகுது. கதையைக் கவனிச்சா, இரும்புச் சிலைக்கும் பூஜைக்கும் சனி நேர்ல வந்தார். ஆனா இறங்கி வந்தது, இன்னொருத்தர் பாரத்தைத் தூக்க ஒரு ஆள் தோள் கொடுத்தப்பதான். அதுவும் பெத்த பிள்ளை இல்ல, வந்து சேர்ந்த பிள்ளை.

கடவுளோட சக்திக்கு எல்லை உண்டான்ற வழக்கு முடியல. உதயணரும் குமாரிலரும் இன்னிக்குச் சந்திச்சாலும் விடியவிடியப் பேசுவாங்க, நாம டீ போட்டுக் கொடுத்துக்கிட்டே கேக்கலாம். ஆனா வினைன்ற சொல்லை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோம்ன்றது நம்ம கையில இருக்கு. நம்மளை நோக்கித் திருப்பினா, அது பொறுப்பு. அடுத்தவன் கஷ்டத்தை நோக்கித் திருப்பினா, அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுத நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது. குச்சனூர் கதையில சனியே அதை எழுதிட்டுத் திருத்தினார்.

உங்க ஊர்க் கோவில் கதையிலயும் இந்த மாதிரி ஒரு முடிச்சு கண்டிப்பா இருக்கும். வீட்ல பெரியவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.